தலைப்பாகையோடு பள்ளிக்குப் போவது

1978-ல் பிரிட்டனில், பர்மிங்காமில் ஒரு தனியார் பள்ளியில் மகனைச் சேர்க்கப் போனார் சேவா சிங் மண்ட்லா. அவர் ஒரு வழக்கறிஞர், சீக்கியர். பையனும் தலைப்பாகை கட்டிய பையன். சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் முடியை வெட்டிவிட்டு, தலைப்பாகை இல்லாமல் வரவேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அந்தப் பள்ளியில் அப்போதே சில சீக்கியப் பையன்கள் தலைப்பாகை இல்லாமல் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தலைமையாசிரியரின் காரணம் என்னவென்றால், பிள்ளைகளுக்குள் மத வேறுபாடு வெளியே தெரியக்கூடாது, எல்லோரும் ஒன்றாக இருக்கவேண்டும். நல்ல எண்ணத்தில் சொன்னதாகவே இருக்கலாம். ஆனால் அந்த "எல்லோரும் ஒன்று" என்பதற்காக எதையாவது கழற்றிவைக்க வேண்டியவன் மட்டும் எப்போதும் இந்தப் பையனாகவே இருந்தான்.

மண்ட்லா நீதிமன்றம் போனார். 1976-ம் ஆண்டின் இன உறவுச் சட்டம் இனத்தின் பேரால் ஒதுக்குவதைத் தடுத்தது, மதத்தைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. அதனால் வழக்கே, சீக்கியர்கள் ஓர் இனக்குழுவா, வெறும் மதக்குழுவா என்று போய் நின்றது. கீழ்க்கோர்ட்டில் தோல்வி. 1982-ல் மேல்முறையீட்டிலும், டென்னிங் பிரபு தலைமை தாங்கிய அமர்வில், தோல்வி. சீக்கியர்கள் ஆயிரக்கணக்கில் லண்டன் தெருவில் இறங்கினார்கள். கடைசியில் 1983 மார்ச்சில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, நீண்ட பொது வரலாறும் தங்களுக்கென்று ஒரு பண்பாட்டு மரபும் உள்ளவர்கள் என்பதால் சீக்கியர்கள் இனக்குழுவே என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே பள்ளியிலோ அலுவலகத்திலோ ஒருவர் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தால், அதற்குப் பின்னால் இந்த வழக்குக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சீக்கியப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இங்கே இருக்கும் நம் தமிழ் ஆட்கள் நேராக ரிசல்ட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரு வியாழக்கிழமை ஜி.சி.எஸ்.இ. (பதினாறு வயதில் எழுதும் பள்ளித் தேர்வு) முடிவு வந்ததும் வாட்ஸ்அப் குழுக்களில் "அந்த சீக்கிய ஸ்கூல்ல எத்தனை 9 பார்த்தியா" என்று ஆரம்பித்துவிடும். 9-தான் அதில் உச்ச கிரேடு, அதை எடுப்பது பெரிய விஷயம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பள்ளிகள் செய்திருக்கும் வேலையில் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. வீட்டில் ஒரு பிள்ளை, பள்ளியில் வேறொரு பிள்ளை என்று இரண்டாகப் பிரிந்து வாழ வேண்டிய கட்டாயத்தை அவர்கள் எடுத்துவிட்டார்கள். மதிப்பெண்ணில் ஒரு பகுதி அதிலிருந்தே வருகிறது என்றும் நம்புகிறேன்.

தீர்ப்பு வந்து பதினாறே வருடத்தில் அரசு நிதியில் நடக்கும் முதல் சீக்கியப் பள்ளி வந்தது. மேற்கு லண்டனில் ஹேஸ் பகுதியில் 1993-ல் தனியார் பள்ளியாகத் தொடங்கிய குரு நானக் பள்ளி 1999-ல் அரசு நிதி பெற்றது. பிரிட்டனில் அப்படி நிதி பெற்ற முதல் சீக்கியப் பள்ளி அது. 2010-ல் அகாடமி, அதாவது உள்ளூராட்சியின் கீழ் இல்லாமல் அரசு நிதியில் நடக்கும் பள்ளி, ஆனது. நர்சரியில் தொடங்கி, பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவல் வரைக்கும் ஒரே வளாகம். அப்புறம், அரசு நிதியில் சமூகக் குழுக்களே புதிய பள்ளி தொடங்கலாம் என்ற ஃப்ரீ ஸ்கூல் திட்டம் வந்ததும் மளமளவென்று மற்ற ஊர்களிலும் முளைத்தன: பர்மிங்காமில் 2012-ல் நிஷ்காம் உயர்நிலைப் பள்ளி, கவென்ட்ரியில் 2014-ல் சேவா பள்ளி, கிழக்கு லண்டன் ரெட்பிரிட்ஜில் 2016-ல் ஆதம் அகாடமி. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சீக்கியர்கள் சுமார் 5,24,000 பேர், மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இத்தனை பள்ளிகளைக் கட்டி நடத்துகிறார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பஞ்சாபிக் குடும்பம். அப்பா ஹீத்ரோவில் சரக்குப் பிரிவில் ஷிஃப்ட் வேலை, அம்மா பார்மசியில். மூத்தவள் பெண், அடுத்தவன் பையன். இரண்டு பேரும் சீக்கியப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். பையன் அதற்கு முன்னால் வேறொரு ஆரம்பப் பள்ளியில் இருந்தான். அங்கே விளையாட்டு நேரத்தில் அவனுடைய பட்காவை, சின்னப் பையன்கள் கொண்டையை மூடிக் கட்டுவார்களே அந்தத் துணியை, யாரோ பிடித்து இழுத்துவிட்டார்கள். அவிழ்ந்த முடியோடு மைதானத்தில் நின்றிருக்கிறான். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்தது என்று பள்ளியில் சொல்லி முடித்துவிட்டார்கள். அவர்களுக்கு அது தொப்பி கீழே விழுந்த மாதிரி ஒரு சம்பவம். அவனுடைய அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று இதைச் சொல்லும்போது குரலே எழவில்லை.

இப்போது அவன் இயர் 9. பட்காவிலிருந்து முழுத் தலைப்பாகைக்கு மாறிவிட்டான். ஐந்து ஆறு மீட்டர் துணியைக் கட்டுவதற்கு முன்னால் நீளவாக்கில் இழுத்து மடிக்க வேண்டும், பூணி என்கிறார்கள். அதைத் தனியாகச் செய்வது கஷ்டம், எதிர்முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். வீட்டில் அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்கினால் அக்காதான் பிடிப்பாள். அவர்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று கருநீலத் துணியை விறைப்பாக இழுத்து, மூலைகளை ஒன்றாகச் சேர்த்து, மறுபடி இழுத்து மடிப்பதை நான் வேலியோரமாகப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பான். கடைசியில் மடிப்புகளைச் சரிசெய்ய ஒரு மெல்லிய உலோகக் குச்சி. பள்ளியில் பி.ஈ. என்கிற உடற்பயிற்சி வகுப்பு முடிந்ததும் யாருக்காவது தலைப்பாகை குலைந்திருந்தால் அடுத்த பையன் சும்மா வந்து முனையைப் பிடிக்கிறானாம். "அங்கே யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க அங்கிள்" என்றான். திரும்பிப் பார்க்காமல் இருப்பது என்ற ஒன்று ஒரு பதின்மூன்று வயசுப் பையனுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, வெளிநாட்டுப் பள்ளிக்கு நெற்றியில் விபூதியோடு போன நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

காலையில் அவர்களுக்கு அசெம்ப்ளி. பள்ளிக்குள்ளேயே சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப் இருக்கும் தர்பார் அறைக்குப் போகும் நாளில் செருப்பைக் கழற்றி, தலையை மூடி, தரையில் உட்கார வேண்டும். சீக்கியப் பிள்ளைகள் மட்டுமில்லை, உள்ளே வருகிற யாராக இருந்தாலும் அதே முறைதான். மூல மந்திரம், கொஞ்ச நேரம் சிம்ரன் என்கிற இறைநாம தியானம், சில நாள் கீர்த்தனை. ஹார்மோனியமும் தபலாவும் வாசிப்பது மாணவர்களே. நம்மூரில் பாட்டு வகுப்புக்குச் சனிக்கிழமை ஓட வேண்டும், இவர்களுக்கு அது டைம்டேபிளிலோ மதிய இடைவேளையிலோ வந்துவிடுகிறது. மதியச் சாப்பாடு சைவம். பாஸ்தாவும் பீட்சாவும் இருக்கும், சில நாள் தாலும் ரொட்டியும். குழந்தை என்ன சாப்பிட்டதோ, எதில் என்ன கலந்திருந்ததோ என்ற கவலை சைவக் குடும்பங்களுக்கு இல்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஒன்றிரண்டு குஜராத்திக் குடும்பங்களும் நம் ஆட்களும் இந்தப் பள்ளிகளை விசாரிப்பதைக் கேட்டிருக்கிறேன்.

கிர்பான் என்கிற சீக்கியர்களின் குறுவாளைப் பற்றி நம் ஆட்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அமிர்தம் எடுத்த, அதாவது சீக்கிய தீட்சை பெற்ற பிள்ளைகள் சிறிய கிர்பானை உறையோடு சட்டைக்குள் அணிவார்கள். 1988-ம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டமே மதக் காரணத்துக்காக அணிவதை விலக்காக ஏற்றுக்கொள்கிறது, பள்ளி வளாகத்துக்கும் அந்த விலக்கு உண்டு. வேறு பள்ளியில் இதை ஒவ்வொரு ஆசிரியருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டும். இங்கே அந்த வேலை இல்லை.

சரி, ரிசல்ட்டுக்கு வருவோம். ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று பார்க்க 9 எத்தனை என்று எண்ணுவது பாதி வேலைதான். 2016 முதல் இங்கிலாந்தில் ப்ரோக்ரஸ் 8 என்ற அளவு இருக்கிறது. ஆரம்பப் பள்ளி முடிவில் ஒரே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகளை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டு, ஜி.சி.எஸ்.இ.-யில் இந்தப் பள்ளியின் பிள்ளைகள் அவர்களைவிட எவ்வளவு மேலே போனார்கள், கீழே போனார்கள் என்று எட்டுப் பாடங்களில் கணக்குப் பார்ப்பார்கள். கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் இரட்டிப்பு எடை. 0 என்றால் நாட்டின் சராசரி. +1 என்றால் சராசரியாகப் பாடத்துக்கு ஒரு கிரேடு மேலே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது லேசில் வருவதில்லை. நுழைவுத்தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கும் கிராமர் ஸ்கூலின் 9-களையும், யாரையும் பொறுக்காமல் சேர்க்கும் பள்ளியின் 9-களையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்கு இந்த அளவு உதவும். ஒரே ஒரு சிக்கல், கோவிட்டால் 2020-லும் 2021-லும் ஆரம்பப் பள்ளித் தேர்வுகள் நடக்கவில்லை, அதனால் 2025, 2026 ஜி.சி.எஸ்.இ. வகுப்புகளுக்கு ப்ரோக்ரஸ் 8 போட முடியாது. பழைய வருடங்களைத் தேடிப் பாருங்கள்.

இதில் இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பின்னணிப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும் இங்கிலாந்து முழுக்கவே சராசரிக்கு மேல் எடுக்கிறார்கள். ஆகவே பெருமை முழுவதையும் பள்ளிக்கே கொடுத்துவிட முடியாது. அப்பா நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காரில் கொண்டுபோய் விடுகிற வீட்டில், பிள்ளையின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். பள்ளி செய்வது, அந்தக் கண்ணுக்கும் தனக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் பார்த்துக்கொள்வது. பெற்றோர் கூட்டத்தில் பாட்டி வந்து பஞ்சாபியில் கேட்டால் பஞ்சாபியில் பதில் சொல்ல ஓர் ஆசிரியர் இருக்கிறார். பையன் வகுப்பில் வாலாட்டினால் அந்தச் சேதி ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

எனக்கு மிகவும் பொறாமையாக இருப்பது பஞ்சாபிப் பாடம். குர்முகி எழுத்தில், பள்ளி நேரத்தில், சம்பளம் வாங்கும் ஆசிரியர் நடத்தும் பாடம். கடைசியில் பிரெஞ்சுக்கும் ஸ்பானிஷுக்கும் சமமான ஜி.சி.எஸ்.இ. சான்றிதழ். ப்ரோக்ரஸ் 8 கணக்கிலும் மொழிப்பாடமாகச் சேரும். பக்கத்து வீட்டுப் பெண் அந்தத் தேர்வுக்குப் படித்த மாதங்களில் பாட்டியோடு உட்கார்ந்து பேச்சுத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்தாள். பாட்டிக்கு ஆங்கிலம் வராது. இந்த நாட்டுக்கு வந்த இத்தனை வருடத்தில் பேத்தியின் பள்ளிப் படிப்பில் அவரால் கை வைக்க முடிந்த ஒரே பாடம் அதுதான். சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை, கடுமையாகத் திருத்தினார். பேத்தி "டாதி, எக்ஸாம்ல இதெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று கத்துவது எங்கள் சமையலறை வரைக்கும் கேட்கும். அவர் விடவே மாட்டார்.

அந்தப் பாடமும் சும்மா கிடைத்துவிடவில்லை. 2015-ல் தேர்வு வாரியங்கள், எழுதுகிறவர்கள் குறைவு, விடைத்தாள் திருத்த ஆள் இல்லை என்று காரணம் சொல்லி, பஞ்சாபி, பெங்காலி, போலிஷ் போன்ற சின்ன மொழிகளின் ஏ லெவலை நிறுத்தப்போவதாக அறிவித்தன. பெற்றோர்கள், ஆசிரியர்கள், குருத்வாராக்கள், எம்.பி.க்கள் எல்லோரும் சேர்ந்து மனு, கடிதம், நாடாளுமன்றக் கேள்வி என்று விடாமல் அழுத்தம் கொடுத்தார்கள். மற்ற மொழிக்காரர்களும் கூடவே நின்றார்கள். 2016-ல் முடிவு மாறியது, பஞ்சாபி ஏ லெவல் இன்றைக்கும் இருக்கிறது.

நமக்கு? தமிழுக்கு இன்றைய தேதியில் இங்கே ஜி.சி.எஸ்.இ. கிடையாது. வெம்பிளி, ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று லண்டன் முழுக்க வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கட்டிடத்தில், வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வருகிற அம்மாக்களும் அப்பாக்களும் பாடம் நடத்துகிறார்கள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அங்கே பிள்ளை பத்து வருடம் படித்தாலும், பள்ளியில் அதற்கு ஒரு சான்றிதழ் வரியாகக்கூட இடம் கிடைப்பதில்லை. இயர் 10 வந்ததும் "எக்ஸாம் வருது, தமிழை நிறுத்திடலாம்" என்று பெற்றோர் சொல்வது இதனால்தான். பஞ்சாபி பள்ளித் தேர்வாகவே இருப்பதால் அந்த வீட்டில் அதே இயர் 10-ல் பாட்டி இன்னும் நெருக்கமாக உட்கார்ந்தார். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு எம்.பி.யை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும்போது, கையோடு இந்தக் கோரிக்கையையும் எழுதிக் கொடுக்கலாம். ஒரு தடவை கொடுத்து விட்டுவிடாமல், பஞ்சாபிக்காரர்கள் மாதிரி விடாமல் கொடுக்க வேண்டும்.

சாதனை என்று அந்தப் பள்ளிகள் பேசும்போது சேவா என்கிற தொண்டும் அதில் வருகிறது. இதைப் பெயருக்குச் சொல்வதாக நினைத்திருந்தவர்கள், லங்கர், அதாவது குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் சமையலறையை ஒரு தடவை போய்ப் பார்த்தால் போதும். பக்கத்து வீட்டுப் பையன், இளைஞர்களுக்கான எடின்பரோ கோமகன் விருதின் வெண்கலப் படிக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். அதில் தன்னார்வத் தொண்டு, ஏதாவது ஒரு திறன், உடற்பயிற்சி, கூடாரம் போட்டுத் தங்கும் நடைப்பயணம் என்று நாலு பகுதி. தொண்டுக்கு லங்கர், திறனுக்கு தபலா, உடற்பயிற்சிக்கு கட்கா என்கிற வாள் விளையாட்டு. எல்லாம் அவன் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதான். லங்கரில் அவனுக்கு முதலில் கொடுத்த வேலை பாத்திரம் கழுவுவது, எஃகுத் தட்டு அடுக்கடுக்காக வந்துகொண்டே இருக்குமாம். பக்கத்தில் நின்று கழுவியவர் டாக்டரா டிரைவரா என்று தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

அவர்களுக்குச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கும் கதை பாய் கனையாவுடையது. பஞ்சாபின் ஆனந்த்பூரில் நடந்த போரில் காயம்பட்டுக் கிடந்த எதிரி வீரர்களுக்கும் அவர் தண்ணீர் கொடுத்தார். இதென்ன என்று குரு கோவிந்த் சிங்கிடம் புகார் போனது. எனக்கு எல்லா முகத்திலும் உங்கள் முகம்தான் தெரிகிறது என்றார் கனையா. குரு அவரைக் கண்டிக்கவில்லை, காயத்துக்குப் போட மருந்தையும் கையில் கொடுத்து அனுப்பினார். பையனிடம் இந்தக் கதையைக் கேட்டபோது தண்ணீரை விட்டுவிட்டு அந்த மருந்தைப் பற்றித்தான் நிறையப் பேசினான்.

இந்தப் பள்ளிகளைப் பற்றி ஒரு குறை எப்போதும் சொல்லப்படுகிறது. ஒரே சமூகத்துப் பிள்ளைகளைக் கூட்டி வைத்தால் வெளியுலகில் எப்படிக் கலப்பார்கள்? நியாயமான கேள்வி, இதைக் கேட்பவர்களை எல்லாம் வெறுப்பாளர்கள் என்று தள்ளிவிட நான் தயாரில்லை. ஃப்ரீ ஸ்கூலாகத் தொடங்கிய மதப் பள்ளிகளில் விண்ணப்பம் குவிந்து இடம் போதவில்லை என்றால், மத அடிப்படையில் பாதி இடத்துக்குத்தான் முன்னுரிமை தரலாம் என்று விதி இருக்கிறது. மதக்கல்வி ஜி.சி.எஸ்.இ.-யில் இரண்டு மதங்களைப் படித்தாக வேண்டும், சீக்கியத்தோடு இன்னொன்று. ஆசிரியர்களில் எல்லா மதத்தாரும், மதமே இல்லாதவர்களும் உண்டு. பர்மிங்காமின் நிஷ்காம் பள்ளி தன்னை எல்லா மதத்தாருக்குமான பள்ளியாகவே சொல்லிக்கொள்கிறது. இத்தனையும் இருந்தாலும் சில வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே முகங்கள் இருக்கும் என்பது உண்மை. அதே நேரம், நம் பிள்ளைகள் படிக்கும் எத்தனையோ "பொது" பள்ளிகளிலும் அப்படித்தான், அங்கே போய் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மைதானத்தில் பட்கா இழுக்கப்பட்டதும் எல்லோரும் கலந்து படிக்கும் பள்ளியில்தான். கலப்பது என்றால் ஒரு பிள்ளை முதலில் தன் காலில் உறுதியாக நிற்க வேண்டும். இந்தப் பையன் இப்போது ஊர் கிரிக்கெட் கிளப்பில் தலைப்பாகையோடு பந்து வீசுகிறான். இரண்டு வருடம் முன்னால் பூங்காவுக்குக்கூட வரமாட்டேன் என்று அடம் பிடித்தவன்.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. மருத்துவம், பல் மருத்துவம், பார்மசி, சட்டம் என்ற நாலு பாதையைத் தாண்டிக் கனவு காண்கிற பிள்ளைக்கு இங்கே இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும். அக்காக்காரிக்கு வரலாறு பிடிக்கும். சாரகடிப் போரில் 1897-ல் 21 சீக்கிய வீரர்கள் கடைசிவரை எதிர்த்து நின்ற கதையில் ஆரம்பித்து, முதலாம் உலகப்போரில் காயம்பட்டு வந்த இந்தியச் சிப்பாய்களை பிரைட்டனில் வைத்து வைத்தியம் பார்த்தது வரைக்கும் மணிக்கணக்காகப் பேசுவாள். ஏ லெவலுக்கு வேதியியல், உயிரியலோடு சண்டை போட்டு வரலாற்றையும் எடுத்திருக்கிறாள். சண்டை வீட்டில்தான். பள்ளியில் வரலாற்று ஆசிரியை அவள் பக்கம் நின்றார்.

இயர் 6-ல், அதாவது ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில், பிள்ளை வைத்திருக்கும் நம் பெற்றோருக்கு ஒன்றிரண்டு விஷயம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 31. லண்டனில் ஆறு பள்ளி வரை எழுதலாம், மார்ச் 1-ம் தேதி பதில் வரும். மதப் பள்ளிகள் சிலவற்றுக்குத் தனியாக ஒரு துணைப் படிவமும் இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள். காலை வழிபாட்டில் பிள்ளை கலந்துகொள்ள வேண்டாம் என்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்து விலக்கிக்கொள்ளச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அந்த வழிபாடு வேண்டாம் என்றால் அந்தப் பள்ளியே எதற்கு என்று முதலில் வீட்டில் பேசிவிடுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து, பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட் ஒரே வார்த்தையில் பள்ளிக்கு மதிப்புப் போடுவதை நிறுத்திவிட்டது, அறிக்கையை முழுக்கப் படிக்க வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கும் ஓபன் ஈவினிங்குக்கு எல்லாப் பள்ளியும் கோலம் போட்டு வைத்த மாதிரிதான் இருக்கும். முடிந்தால் வேலை நாளில், பள்ளி நடக்கும்போது சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பஞ்சாபி தெரியாத பிள்ளைக்கு அந்தப் பாடத்தை எந்த இடத்திலிருந்து தொடங்குகிறார்கள் என்று கேளுங்கள், நல்ல பள்ளி என்றால் வகுப்பறைக்கே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.